நான் வீட்டில் இருந்தால்

மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை.

நான் விழித்தபோது ஜன்னல் வெளுக்கத் தொடங்கியிருந்தது. வாசல் கதவு பாதி திறந்து கிடந்தது. சாரல் உள்ளே அடித்துக் கால்மிதியை நனைத்திருந்தது. மாமாவின் கட்டிலில் யாரும் இல்லை. போர்வை மட்டும் ஒழுங்காக மடிக்கப்பட்டுத் தலையணைமேல் இருந்தது. வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டியவர். போர்வையை மடிக்காமல் டியூட்டிக்குக் கிளம்பமாட்டார்.

மாமா என் கணவரின் அப்பா. சில வருடங்களாகவே அவருடைய நினைவு கலைந்துகொண்டு வந்தது. பகலில் அவ்வளவாகத் தெரியாது. விடிகிற நேரத்தில்தான், முதல் வண்டியைத் தான் எடுக்கவேண்டும் என்று திடீரெனத் தோன்றிவிடும். ஓய்வு பெற்றது மறந்துபோகும். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

குடையைக்கூட எடுக்காமல் பேருந்துப் பணிமனையை நோக்கி ஓடினேன். வழியில் லாரிகள் போகிற பெரிய சாலை ஒன்று இருக்கிறது. அதைக் கடக்கும்போது நான் சாலையைப் பார்க்கவில்லை. எதையாவது பார்த்துவிடுவேனோ என்று பயம்.

மாமா பணிமனை வாசலில் இருந்தார். காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து, காவலாளியின் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, காவலாளியின் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. பாதத்தில் ரத்தம்.

"பாரும்மா, வண்டிய எடுக்க விடமாட்டேங்கறான் இவன்," என்றார்.

"உங்க வண்டி சர்வீஸ்ல இருக்கு பெரியவரே. எத்தன தடவ சொல்றது?" என்ற காவலாளி, என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "லாரிக்காரன் ஒருத்தன் பிரேக் போட்டு, நல்லா திட்டிட்டு, அப்புறம் அவனே இறங்கிக் கூட்டிட்டு வந்து விட்டுட்டுப் போனான். இன்னைக்கு நல்ல நேரம். எல்லா லாரிலயும் பிரேக் இருக்காது."

அன்று மாலையே நாத்தனார் வந்துவிட்டார். என் கணவரின் அக்கா. மருத்துவமனையில் தலைமைச் செவிலி. வந்ததும் யாரையும் ஒன்றும் கேட்காமல் தன் அப்பாவின் கால்கட்டைப் பிரித்து, காயத்தைக் கழுவி, புதுக் கட்டு போட்டார். எல்லாம் முடிந்து கைகழுவிய பிறகுதான் பேசினார்.

"மணி ஏன் அடிக்கல?"

"தெரியல அண்ணி."

"தம்பி இருந்தப்ப அடிச்சுதுல்ல?"

"அடிச்சுது."

"அப்ப இப்ப என்ன கேடு அதுக்கு?" என்றவர், சட்டென்று என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "இதோ பாரும்மா. ரோட்டுல அடிபட்டு வர்ற பெரியவங்கள நான் தினம் பாக்கறேன். எங்க டாக்டர் ஒருத்தர் ஒரு இல்லம் சொல்லிருக்கார். சுத்தமா இருக்கு, ராத்திரி ஆள் இருக்கு. ஞாயித்துக்கிழம வர்றேன். அதுக்குள்ள மணி சரியாச்சுன்னா அப்பா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா அங்க சேத்துடுவோம். நீயும் மனுஷிதானே? எத்தன நாளைக்கு வாசப்படியில தலைய வெச்சுப் படுப்ப?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் எனக்குப் பயம் அதிகமானது.

மாமா போய்விட்டால் அந்த வீட்டில் நான் மட்டும்தான். அதுகூடப் பெரிதில்லை. என் கணவரை இன்னும் இருக்கிறவராகப் பேசுகிற ஒரே ஆள் மாமாதான். "அவன் சாப்ட்டானா?", "அவன் செருப்பு ஏன் வெளிய கிடக்கு?" என்பார். தொடக்கத்தில் உண்மையைச் சொன்னோம். ஒவ்வொரு முறையும் அப்போதுதான் கேட்பதைப்போல அழுதார். பிறகு, "வெளியூர் போயிருக்கார் மாமா" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். சொல்லிச் சொல்லி, சில நேரம் அந்தப் பதிலில் நானும் கொஞ்சம் இளைப்பாறினேன்.

மணியைச் செய்தவர் என் கணவர். ஒரு துணிக்கிடங்கில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. வீட்டில் கையளவு பெட்டி ஒன்றில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிட்டிருந்தார். ஸ்கிரிப்ட் என்றால் கணினி மேலிருந்து கீழாகப் படித்து அப்படியே செய்கிற கட்டளை வரிகள். மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு விரிப்பு. அதன் அடியில் ஒரு தகடு. கால் பட்டால் பெட்டிக்குத் தெரியும். வாசல் கதவில் இன்னொரு சின்னத் துண்டு. கதவு திறந்தால் அதுவும் தெரியும்.

"இதுக்கு ஒண்ணும் தெரியாது, சொல்லிட்டேன்," என்பார் அவர். "கேள்வி நாம கேக்கணும். ஆமாவா இல்லையான்னு பாக்கும். ஆமான்னா இந்தப் பக்கம் போகும், இல்லன்னா அந்தப் பக்கம் போகும். உன்ன மாதிரி ஒரு கமாவ வெச்சுக்கிட்டு அரை நாள் யோசிக்காது."

நான் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துபவள். அந்தக் கிண்டலுக்கு எங்கள் வீட்டில் ஓய்வே கிடையாது.

முதலில் அவர் எழுதியது ஒரே நிபந்தனைதான். அப்பா கட்டிலைவிட்டு இறங்கி, வாசல் கதவும் திறந்தால், மணியை அடி. மணியை ஏதோ மூடிய தொழிற்சாலையிலிருந்து பழைய சாமான் கடைக்கு வந்ததாகச் சொல்லி வாங்கி வந்தார். விற்றவருக்கு அன்று நல்ல தூக்கம் வந்திருக்கும். எங்களுக்கு வரவில்லை. முதல் முறை அது அலறியபோது கட்டடமே எழுந்துகொண்டது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா தலைவிரிகோலமாக மேலே வந்து, "எங்கயாவது தீப்பிடிச்சிருக்கா? இல்லன்னா சொல்லுங்க, போய்த் திரும்பிப் படுக்கறேன்," என்றார்.

அதுகூடச் சிரிக்கிற விஷயம். மாமா நின்ற நிலைதான் சிரிக்கிறபடி இல்லை. வாசற்படியில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, திருடப்போய் மாட்டிக்கொண்டவரைப்போல. அந்த முகத்தை என் கணவரால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து முதல் நிபந்தனைக்குள் இன்னொன்றை எழுதினார். அதைக் காட்டவும் செய்தார். கணினி மொழியின் சொற்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் பக்கத்தில் குறிப்புகளைத் தமிழில்தான் எழுதுவார். எனக்குப் புரிந்தபடி இங்கே எழுதுகிறேன்:

அப்பா இறங்கி, கதவும் திறந்தால் –
நான் வீட்டில் இருந்தால், என் போனுக்கு மட்டும் சொல்.
இல்லாவிட்டால், மணியை அடி.

"நானே இருக்கறப்ப மணி எதுக்கு? நானே எந்திரிச்சுப் போயிடறேன்," என்றார்.

போனது உண்மை. தலையணைக்கு அடியில் போன் உறுமும். இவர் எழுந்து, அப்பாவோடு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குவார். தெருமுனை நிறுத்தம்வரை இருவரும் நடப்பார்கள். முதல் வண்டி போவதைப் பார்ப்பார்கள். "உங்களுக்கு இன்னைக்கு லீவுப்பா. போர்டுல போட்டிருக்காங்க," என்பார் இவர். "யார் போட்டான்? சொல்லவேயில்லயே," என்று மாமா கொஞ்சம் முறைத்துக்கொண்டு திரும்பி வருவார். இவர் வேலையாக வெளியூர் போயிருக்கும் நாட்களில் மட்டும் மணி அடிக்கும். அப்போது நான் எழுந்து ஓடுவேன். மணி ஓய்ந்ததும் மாமா கேட்பது ஒன்றுதான்: "அவன் வீட்ல இல்லையா?"

பிறகு என் கணவர் போனார். வேலையிடத்தில், மாரடைப்பு. வலி வந்ததாகச் சொல்லக்கூட நேரம் இருக்கவில்லை என்றார்கள். அவருடைய கைக்கடிகாரமும் கண்ணாடியும் போனும் ஒரு பிளாஸ்டிக் உறையில் வீட்டுக்கு வந்தன. சேதி தெரியாதவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால் போனைச் சத்தமில்லாமல் வைத்தேன். அணைக்க மனம் வரவில்லை. அலமாரியில் அவருடைய சட்டைகளுக்கு நடுவில் வைத்து, சார்ஜ் குறையும்போதெல்லாம் கம்பியைச் சொருகிவிடுவேன்.

அண்ணி கெடு வைத்த மறுநாள் சுருட்டை அண்ணனைக் கூப்பிட்டேன். அவரும் என் கணவரும் ஒரே கிடங்கில் வேலை பார்த்தவர்கள், மச்சான் மச்சான் என்று அழைத்துக்கொள்பவர்கள். சுருட்டை என்பது முடியை வைத்து வந்த பெயர். இப்போது பெயர் மட்டும்தான் இருக்கிறது. வாசலில் தயங்கி நின்றவரைப் பார்த்து மாமா கூடத்திலிருந்தே அதட்டினார்.

"படியில நிக்காத! உள்ள போ, உள்ள போ. உள்ள எவ்ளோ எடம் இருக்கு!"

"போறேன் மாமா, போறேன். டிக்கெட் எடுத்துட்டேன்," என்று உள்ளே வந்தார் அண்ணன். கண்ணைத் துடைத்துக்கொண்டதை மாமா பார்க்கவில்லை.

முதலில் மணியை நேராக மின்சாரத்தில் தொட்டுப் பார்த்தார். அலறியது. கீழிருந்து தையல்காரம்மா ஏதோ சொன்னார். தகடு சரி. கதவுத் துண்டு சரி. விரிப்பைத் தானே மிதித்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தார். அமைதி. மறுபடி மிதித்தார், திறந்தார். அமைதி.

"ஸ்கிரிப்ட்லதான் ஏதோ உதைக்குது தங்கச்சி," என்று கணினியை விரித்தார். பிறகு வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். "எழுதினது மச்சான். ஒரு எழுத்து பிசகாது. எனக்கு ஒண்ணும் சிக்கலயே."

எங்கள் பதிப்பகத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பக்கம் எத்தனை முறை பார்த்தும் பிழை பிடிபடவில்லையென்றால் இரண்டு பேர் உட்கார்வோம். ஒருவர் வாய்விட்டுப் படிப்பார், புள்ளியும் இடைவெளியும்கூட விடாமல். மற்றவர் மூலத்தைப் பார்த்து, சரி, சரி என்று சொல்லிக்கொண்டே வருவார். தனியாகப் படிக்கும் கண் தனக்குத் தெரிந்ததைத்தான் படிக்கும். கேட்கும் காது அப்படித் தாண்டிப் போகாது.

"நான் படிக்கறேன் அண்ணா," என்றேன். "ஒவ்வொரு கேள்விக்கும் அது என்ன பதில் வெச்சிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

"சரி, படி."

"அப்பா இறங்கினாரா?"

அவர் இன்னொரு முறை விரிப்பை மிதித்துவிட்டு வந்து திரையைப் பார்த்தார். "ஆமாங்குது."

"வாசல் கதவு திறந்ததா?"

"ஆமா."

அடுத்த வரி இரண்டாவது நிபந்தனை. சற்று உள்ளே தள்ளி எழுதியிருந்தது. எத்தனையோ முறை பார்த்த வரிதான். ஆனால் அதற்கு முன் அதை நான் வாய்விட்டுப் படித்ததில்லை.

"நான் வீட்டில் இருக்கிறேனா?"

அண்ணன் கணினிப் பக்கம் குனிந்தார். திரையைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஆமாங்குது," என்றார்.

கூடத்தில் மாமா யாரையோ உள்ளே தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவன் வீட்ல இருக்கானான்னு இது எப்படிப் பாக்குது தெரியுமா தங்கச்சி? அவன் போன் வீட்டு வைஃபைல இருக்கான்னு பாக்குது. இருந்தா அவன் இருக்கான்." பிறகு மெல்லக் கேட்டார். "போன் எங்க?"

நான் எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். சட்டைகளுக்கு நடுவில் அது வெதுவெதுப்பாக இருந்தது. திரையைத் தொட்டதும் வரிசையாக வந்தன. எல்லாம் ஒரே வாசகம், அவர் தனக்காகத் தானே எழுதி வைத்தது: *அப்பா கிளம்பிட்டார். எழுந்திருடா சோம்பேறி.* சற்றுமுன் அண்ணன் மிதித்துத் திறந்ததற்கெல்லாம் வந்திருந்தன. மழை நாளன்று விடியலில் ஒன்று. அதற்கும் முன்னால் சில. அந்த விடியல்களில் மாமா கதவைத் திறந்து, என்ன நினைத்தாரோ, தானே திரும்ப வந்து படுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஸ்கிரிப்ட் தன் வேலையைச் செய்திருந்தது. அவரை எழுப்பியிருந்தது.

எழுத்தில் பிழையே இல்லை. அது கேட்ட கேள்விக்கு நான்தான் சட்டைகளுக்கு நடுவிலிருந்து ஆமாம், ஆமாம் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர் போன நாளிலிருந்து என் மனதில் ஓடியதெல்லாம் 'இருந்தால்' என்று முடிகிற நினைப்புகள்தான். அன்று லீவு போட்டிருந்தால். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால். வேலை செய்துகொண்டிருக்கும்போது, குளித்துக்கொண்டிருக்கும்போது, எந்த நேரத்திலும் வரும். எந்தப் பக்கமும் போகாமல் அங்கேயே சுற்றும். அவர் எழுதியதை அன்று முழுக்கப் படித்தேன். அதில் அந்த மாதிரி ஒன்றுகூட இல்லை. நேற்று என்ன ஆகியிருக்கலாம் என்று அது எங்குமே கேட்கவில்லை. இப்போது கதவு திறந்திருக்கிறதா, இப்போது யார் வீட்டில் இருக்கிறார், அவ்வளவுதான் கேட்டது. கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனது.

"போன ஆஃப் பண்ணிட்டா போதும்," என்றார் அண்ணன். "மணி தானா அடிக்கும். வேற ஒண்ணும் தொட வேணாம்." என் கையைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கே பண்ணணும்னு இல்ல," என்றும் சேர்த்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழம அண்ணி வருவாங்க. அவங்க முன்னாடியே பாத்துடலாம்," என்றேன்.

ஞாயிறன்று அண்ணி வந்தார். கையில் இல்லத்தின் விவரம் அச்சடித்த தாள் இருந்தது. நடந்ததை நான் சொல்லி முடிக்கும்வரை அந்தத் தாளைச் சுருட்டிப் பிரித்துக்கொண்டே இருந்தார். "போன எதுக்குடி வெச்சிருந்த?" என்று கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை. தானும் தன் தம்பியின் நம்பரை இன்னும் அழிக்கவில்லை என்று பல நாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்.

போனை அணைக்க என்னால் முடியவில்லை. அதனால் அன்று வந்திருந்த சுருட்டை அண்ணன் வேறு வழி சொன்னார். வைஃபை எட்டாத தூரத்துக்குத் தானே எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார்.

சட்டைப்பையில் போனைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். நான் ஜன்னலில் நின்றேன். தையல்காரம்மாவின் வாசலைத் தாண்டினார். விளக்குக் கம்பத்தைத் தாண்டினார். என் கணவர் வேலைக்குப் போகும் அதே வழி. திரும்பிப் பார்க்காமல் போகும் அதே நடைகூட, இல்லை, அது என் கண்ணின் வேலையாக இருக்கலாம். தெருமுனையில் திரும்பி மறைந்தார்.

கணினித் திரையில் ஆமாம் என்று இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் ஆமாம் என்றே இருந்தது. பிறகு இல்லை என்று மாறியது.

"மாறிடுச்சு," என்றேன்.

"திற," என்றார் அண்ணி.

விரிப்பை மிதித்தேன். வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்தேன்.

மணி அடித்தது. சுவரெல்லாம் அதிர அடித்தது. எத்தனை மாதம் அடைத்து வைத்திருந்ததோ அத்தனையும் சேர்ந்து வந்ததுபோல. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தார். நிறுத்தும் பொத்தான் என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கை நகரவில்லை.

மாமா தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். காதைப் பொத்தவில்லை. மணியையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவன் வீட்ல இல்லையா?" என்றார்.

"அவன் வெளியூ..." என்று அண்ணி தொடங்கினார்.

"இல்ல மாமா," என்றேன். "வீட்ல இல்ல."

"எப்ப வருவான்?"

"வரமாட்டார் மாமா."

அவர் அழவில்லை. திறந்திருந்த வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நின்றுபோன வண்டியில் ஏன் நின்றது என்று காது கொடுத்துக் கேட்கிற ஓட்டுநரைப்போல நின்றார். பிறகு என் தோளில் கைவைத்தார்.

"மணிய நிறுத்தும்மா," என்றார். "கேட்டாச்சு."

நிறுத்தினேன். கீழே தையல்காரம்மா தன் கதவைத் திறந்து எங்களை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

சுருட்டை அண்ணன் மூச்சுவாங்கத் திரும்பி வந்தபோது அண்ணி அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். "டாக்டர்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன்," என்றார் யாரையும் பார்க்காமல். "ஆனா இப்படித் தினம் அலறினா அப்பா தாங்கமாட்டார். நீயும்தான்."

"தினம் அலற வேணாம் அண்ணி," என்றேன்.

என்ன செய்யவேண்டும் என்பது படித்தபோதே எனக்குத் தெரிந்திருந்தது. நிபந்தனைகளில் ஒன்றையும் தொடவேண்டியதில்லை. யாருடைய போனைத் தேடவேண்டும், யாருக்குச் சொல்லவேண்டும் என்று அவர் மேலே குறித்திருந்த ஓர் இடத்தில் அவர் போனுக்குப் பதில் என் போன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நானே மாற்றினேன். பழையதை அழித்தபோது விரல் கொஞ்சம் நின்றது. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்த மெசேஜ் இருக்கே, அதையும் மாத்திடவா?" என்றார் பிறகு. "உனக்கு 'டா' போட்டு வருமே."

"வரட்டும் அண்ணா."

அன்று மாலை அவருடைய போனை அணைத்தேன். அலமாரியில், அதே சட்டைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

கொஞ்ச நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு விடியலில் தலையணைக்கு அடியில் உறுமியது. இருட்டில் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

*அப்பா கிளம்பிட்டார். எழுந்திருடா சோம்பேறி.*

எழுந்தேன். மாமா வாசலில் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். செருப்பை எடுத்து அவர் காலருகே வைத்தேன். குடையை எடுத்துக்கொண்டேன்.

"நீ எதுக்கும்மா வர்ற?"

"சும்மாதான் மாமா. நிறுத்தம் வரைக்கும்."

படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் யாரும் இல்லை. நிறுத்தத்தில் நின்றோம். முதல் வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து, எங்களுக்காக வேகத்தைக் குறைத்து, ஏறாததைப் பார்த்து நகர்ந்தது. உள்ளே இருந்த ஓட்டுநர் மாமாவைப் பார்த்துக் கையைத் தூக்கினார். மாமாவும் தூக்கினார்.

"உங்களுக்கு இன்னைக்கு லீவு மாமா," என்றேன். "போர்டுல போட்டிருக்காங்க."

மாமா என்னை முறைத்தார். அந்த முறைப்பு எனக்குத் தெரியும்.

"அவன் சொல்றதயே சொல்ற," என்றார். பிறகு, வண்டி போன பக்கத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பினார்.